முதுகுக்கு ஒரு புலப்படம்

பாவாடை நாடாவில் இருந்த கறையை முதலில் பார்த்தது நானில்லை, என் கணவர். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றதிலிருந்து, துணி துவைத்து மடிக்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். நான் இன்னும் குறிஞ்சிப்பாடிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலையில் கடலூரிலிருந்து பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவளுக்குக் கறையைப் பார்க்க ஏது நேரம்?

"டீச்சர், இங்க வா" என்றார் ஒரு நாள். வீட்டிலும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். மூன்று பாவாடைகளைக் கட்டிலில் வரிசையாக விரித்து வைத்திருந்தார். "மூணுலயும் ஒரே எடத்துல கறை இருக்குது பாரு. முடிச்சுலேர்ந்து ஒரு சாண் தள்ளி. என்னா இது?"

எனக்குத் தெரியும். இடுப்பின் இடது பக்கம், கொஞ்சம் பின்னால், புளியங்கொட்டை அளவில் ஒரு புண். ஒரு வருஷமாக ஆறுவதும் மறுபடி வருவதுமாக இருந்தது. மஞ்சள் வைத்துப் பார்த்தேன், தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன். நாடாவைத் தளர்த்த மட்டும் எனக்குத் தோன்றவில்லை. இறுக்கிக் கட்டினால்தான் சேலை நிற்கும் என்பது எங்கள் ஸ்டாஃப் ரூமில் எல்லோருடைய கொள்கை. இடுப்பைச் சுற்றிக் கறுத்த தடம் இல்லாத டீச்சர் அங்கே இல்லை. அதை ஒரு வியாதி என்று யார் நினைப்பார்கள்?

கடலூரில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஒரு மாதம் களிம்பு கொடுத்தார். புண் அசையவில்லை. "சிதம்பரத்துல தோல் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. கேன்சரான்னு ஒரு தடவ பாத்துட்டா நிம்மதி" என்றார். நிம்மதி என்ற சொல் என் காதில் விழவேயில்லை. வீட்டுக்கு வந்ததும் கணவர்மேல்தான் பாய்ந்தேன்.

"நீங்க துணிய தொடாம இருந்திருந்தா இந்த வம்பே இல்ல."

"சரி, இனிமே நீயே தொவை" என்று சொல்லிவிட்டு, காய்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தார். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். அது அவருக்கும் தெரியும்.

சிதம்பரத்து ஆஸ்பத்திரிக்கு நேரம் கேட்டுப் போன் செய்தபோது, ஒரு பெண் எதெதெல்லாம் கூடாது என்று சொன்னாள். பவுடர் கூடாது, மஞ்சள் கூடாது, எண்ணெய் கூடாது, நகப்பூச்சு கூடாது. உடம்பு முழுவதும் பார்ப்பார்கள், ஒரு இடம் விடாமல். "ஒடம்புல எங்கெங்க மச்சம், மரு இருக்குன்னு பாத்து எழுதிக்கிட்டு வாங்கம்மா. முதுகை வீட்டுல யாரையாவது பாக்கச் சொல்லுங்க."

வீட்டில் யாராவது என்றால் ஒருவர்தான். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறோம். ஆனாலும் பட்டப்பகலில், ஜன்னல் வெளிச்சத்தில், அவர் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்ததாக எனக்கு நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, வாசல் கதவை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, கட்டிலில் குப்புறப் படுத்தேன். தெற்குப் பக்கம்தான் தலை. எங்கள் வீட்டில் வடக்கே யாரும் தலையணையைக்கூடப் போட மாட்டோம்.

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பென்சிலைச் சீவி, ஸ்கேலோடு வந்தார்.

"ஸ்கேல் எதுக்கு?"

"அளவு இல்லாம படம் எப்புடி போடுறது?"

ஸ்கேல் ஜில்லென்று முதுகில் பட்டது. கூச்சத்தில் சிரிப்பு வந்தது. "அசையாத, கோடு கோணிக்கும்" என்று அதட்டினார். தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு எனத் தாளில் நான்கு மூலைக்கும் எல்லைக்கல் குறி போட்டார். மச்சங்களுக்கு வரிசை எண் கொடுத்தார். ஆறு வரைக்கும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவர், ஏழாவதில் நின்றுவிட்டார். பென்சில் சத்தமும் நின்றது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. சின்னதுதான்."

குரலை வைத்தே பொய் என்று தெரிந்தது. எழுந்து படத்தைப் பார்த்தேன். சர்வேயர் நிலத்துக்குப் போடுகிற புலப்படம் மாதிரி, என் முதுகு ஒரு மனைக்கட்டாக ஆகியிருந்தது. தலை, கை, கால் எதுவும் இல்லை. புண் இருக்கும் இடம்தான் தெரியுமே என்று அதைக் குறிக்காமல் விட்டிருந்தார். ஓரத்தில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி மட்டும் மேல்நோக்கி நிமிர்ந்து நின்றது. ஏழாம் எண்ணைச் சுற்றி இரண்டு வட்டம்.

சிதம்பரம் போகும் பஸ்ஸில், செம்மங்குப்பம் வந்ததும் கெமிக்கல் ஃபேக்டரி நாற்றத்துக்காக எல்லோரும் வழக்கம்போல ஜன்னலை மூடினார்கள். பரங்கிப்பேட்டை பிரிவு தாண்டியதும் அவர் ஜன்னலைத் திறந்துவிட்டு, என் கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டருக்கு என்னிடம் படித்திருக்கக்கூடிய வயதுதான். என் கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, விளக்கு வைத்த ஒரு லென்ஸைப் புண்மேல் வைத்து வெகுநேரம் பார்த்தாள். மரத்துப்போக ஊசி போட்டு, துளியூண்டு சதை எடுத்தாள். பிறகு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதுகுக்கு வந்தாள்.

"ஏழுன்னு ரெண்டு வட்டம் போட்டுருக்கே, அது எங்கம்மா? வலது இடுப்புக்கிட்டன்னு இருக்கு. இங்க ஒண்ணுமே இல்லையே."

குப்புறக் கிடந்தபடியே தலையைத் திருப்பிப் பார்த்தேன். இருந்தது எங்கே போகும்? நர்ஸ் போய் அவரை அழைத்து வந்து, மறைப்புத் துணிக்கு அந்தப் பக்கம் நிறுத்தினாள்.

"டாக்டர், அவுங்க தெக்க தலை வச்சிப் படுத்திருந்தாங்க. படத்துல வடக்குதானே மேல வரணும்?"

"அப்ப கால் பக்கம் மேல வந்துருக்கு, சார்."

"வடக்கு அந்தப் பக்கம் இருந்துச்சே."

டாக்டர் சிரித்துக்கொண்டே தாளைத் தலைகீழாகத் திருப்பினாள். எனக்குத்தான் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. எங்கள் புதுமனை புகுவிழாப் பத்திரிகையில் வழிப்படம் போட்டவரும் இவர்தான். சொந்தக்காரர்கள் பாதிப்பேர் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் புரியாமல் வேறு தெருவுக்குப் போய் நின்றார்கள். "வடக்கு மேலதான், அத யாருக்காகவும் மாத்த முடியாது" என்று அன்றைக்கும் சாதித்தார். தாசில்தார் சொல்லியே கேட்காத மனுஷன், பந்தலில் நின்ற என் பேச்சையா கேட்பார்?

லென்ஸ் என் இடது தோளுக்கு வந்தது.

"வயசானா வர்ற மரும்மா இது. பயப்பட ஒண்ணுமில்ல" என்றாள் டாக்டர். துணிக்கு அந்தப் பக்கமிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு கேட்டது.

சதைப் பரிசோதனை முடிவு வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் வகுப்பில் நான் யாரையும் திட்டவில்லை. பிள்ளைகள்தான் பயந்துபோனார்கள். முடிவைக் கேட்க மறுபடி சிதம்பரம் போனோம். கேன்சர் இல்லை. நாடா வருஷக்கணக்காக ஒரே இடத்தில் உரசி உரசி வந்த புண்; அப்படியே விட்டிருந்தால் பின்னால் கேன்சராகக்கூட மாறியிருக்கலாம், நல்லவேளையாக வந்துவிட்டீர்கள் என்றாள் டாக்டர். நாடாவுக்குப் பதில் அகலப் பட்டி வைத்துத் தைத்துக்கொள்ள வேண்டும், இறுக்கக் கூடாது, ஆறு மாதம் கழித்து மறுபடி காட்ட வேண்டும். அன்று பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஓட்டலில் நான் இரண்டு தோசை சாப்பிட்டேன். அவர் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டி வைத்த பாவாடையை ஸ்டாஃப் ரூமில் இப்போது நாங்கள் ஐந்து பேர் கட்டுகிறோம். புண் இருந்த இடத்தில் வெளுத்த ஒரு தழும்புதான் பாக்கி.

ஆறு மாதம் முடிந்து, போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் படம் போடுகிற நாள். அவர் பென்சிலைச் சீவிக்கொண்டு வந்து நின்றார்.

"ஒரு தடவ வடக்க தலை வச்சிப் படேன். படம் நேரா வந்துடும்."

"வேணாங்க" என்றேன். தெற்கே தலை வைத்துப் படுத்துக்கொண்டேன். ஸ்கேல் ஜில்லென்று பட்டது, பென்சில் ஓடியது, ஏழாம் எண்ணிலும் நிற்காமல் ஓடியது.

எழுந்து தாளை வாங்கிப் பார்த்தேன். என் இரண்டு தோளும் மேலே இருந்தன. அம்புக்குறி கீழே பார்த்து நின்றது.

"என்னங்க, வடக்கு கீழ போயிடுச்சே?"

அவர் பென்சில் சீவலைக் கட்டிலிலிருந்து கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்.

"போவட்டும் டீச்சர். டாக்டரு ஒன்னத் தேடிக்கிட்டு நிக்கக் கூடாதுல்ல" என்றார்.