முருகேசனுக்கு ஒரு லேமினேஷன் மெஷின்

போன வாரம் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்ட பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரப் பெண் அடித்தாளை உரித்ததும் அந்தப் பசை வாசனை மூக்கில் ஏறியது. கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் புதுச்செருப்பு, இரண்டும் கலந்த வாசனை. "பபிள் வராதுங்க, கேரண்டி" என்றார். உடனே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. போனை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து ஓரத்தைப் பார்த்தேன். அவர் முறைத்ததில் தப்பே இல்லை. இது என் பிறவிக்குணம் அல்ல, தொற்றிக்கொண்டது. யாரிடமிருந்து என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஏழுமலை மாமா என் அக்கா வீட்டுக்காரர். செங்கம் ரோட்டில் போர்டு, ஸ்டிக்கர் கடை வைத்திருந்தார். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். படிப்பை முடித்துவிட்டு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். உட்காரவைத்தாரே தவிர நம்பவில்லை. அவர் யாரையும் நம்பியதில்லை. வேலூர் என்று போர்டு மாட்டிய பஸ்ஸில் ஏறி, வேலூர் போகுமா என்று கண்டக்டரைக் கேட்பார். அவர் ஆமாம் என்றால் டிரைவரையும் கேட்பார். "அதான் போர்டு இருக்கே மாமா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "போர்டு போடறவனே நான்தான்டா, எனக்குத் தெரியாதா?" என்றார்.

கடையில் அகலமான பிரிண்டர் ஒன்று இருந்தது. அதில் அடித்த வினைல் ஸ்டிக்கர் மேல் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிட்டால் வெயிலில் நிறம் அவ்வளவு சீக்கிரம் போகாது என்று சொல்வார்கள். கையால் ஒட்டினால் சுருங்கும், அதற்குத்தான் லேமினேஷன் மெஷின். மாமா வாங்கவில்லை. "ஒட்டறதுக்கு மேல ஒட்டறதா? மெஷின் விக்கறவன் கட்டின கதைடா இது" என்பதோடு அந்தப் பேச்சை முடித்துவிடுவார். எங்கள் போர்டுகள் வெளுத்தன. கறிக்கடைக்காரர்கள் வெளுத்த ஆட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை.

கவலைப்பட்டது மல்லிகா அக்கா. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரமாக டீக்கடை. வீட்டுக்காரர் முருகேசன் சின்ன வயதிலேயே மாரடைப்பில் போய்விட்டார். கடைக்கு அவர் பெயரையே வைத்து, படமும் போட்டு போர்டு கேட்டு வந்தார். இருந்தது ஒரே படம், யாரோ சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ. மலைக்கு மாலை போட்டிருந்த நேரம் போலிருக்கிறது, தாடியும் நெற்றி நிறைய விபூதியுமாக ஓரத்தில் நின்றிருந்தார். தலை புளியங்கொட்டை அளவு. நான் ஸ்கேன் செய்து, பெரிதாக்கி, கண்ணுக்கு வெளிச்சம் கொடுத்து ஒரு மாதிரி ஆளைக் கொண்டுவந்துவிட்டேன். அக்கா பார்த்துவிட்டு அங்கேயே அழுதார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மேற்கு வெயில் அந்த போர்டில் நேராக அடிக்கும். மையில் முதலில் மஞ்சளும் சிவப்பும் போய்விடும், நீலம் மட்டும் நிற்கும். நாலைந்து மாதத்தில் முருகேசன் தாடியும் விபூதியுமாக நீல நிறமாகிவிட்டார். நம் ஊரில் நீலமாக, தாடியோடு ஒருவர் பாதையோரம் இருந்தால் என்ன ஆகும்? பௌர்ணமிக்கு வந்த கூட்டத்தில் யாரோ ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்தவர் குங்குமம் வைத்தார். அப்புறம் ஊதுபத்தி, சாமந்தி மாலை. எந்தச் சித்தர், ஜீவசமாதி எங்கே இருக்கிறது என்றெல்லாம் டீ குடித்துக்கொண்டே விசாரித்தார்கள். உண்டியல் ஒன்று வைத்துவிடலாம் என்று யோசனை சொன்ன உறவினரும் உண்டு. டீ வியாபாரம் முன்னைவிட நன்றாகவே நடந்தது.

மல்லிகா அக்கா எங்கள் கடைக்கு வந்தபோது, மாமா சண்டைக்குத் தயாராகத்தான் எழுந்து நின்றார். அக்கா சண்டை போடவில்லை.

"ஊரே கும்புடுது, நான் இன்னா சொல்றது. ஆனா இந்த நீலத்தைப் பாத்துப் பாத்து, அவரு இப்பிடித்தான் இருந்தாருனு எனக்கே நெனப்பு வருதுப்பா. மொகம் மறந்துட்டே வருது."

வேறு பிரிண்ட் எடுத்துத் தருகிறேன் என்றேன், கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே. அதுவும் நீலமாகும்தானே என்று கேட்டார். ஆகும் என்றேன். "அப்போ வேணாம். இன்னொருவாட்டி கண்ணெதிர அவரு போறதை என்னால பாக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையில் மாமா, மெட்ராஸ் போய் மெஷின் பார்க்கலாம், முருகேசனை இன்னும் ரெண்டு மூணு பிரிண்ட் போடு என்றார்.

முதல் கடையில் ஏசி. டை கட்டிய ஒருவர் ரோஜாப்பூ படத்தை மெஷினில் விட்டுக் காட்டினார். பளபளவென்று வந்தது. மாமா பையிலிருந்து முருகேசனை எடுத்து, "எங்க ஆளை ஓட்டிக் காட்டுங்க" என்றார். பூவே நன்றாகத்தானே வருகிறது என்றார் டைக்காரர். "பூவுல சுருக்கம் விழுந்தா யாருக்கும் தெரியாதுங்க. மொகத்துல விழுந்தா பொண்டாட்டி கண்டுபுடிச்சிருவா" என்றார் மாமா. அது சூட்டில் ஒட்டும் மெஷின். சூட்டில் வினைல் சுருங்கி, முருகேசன் கன்னம் உப்பி, பொன்னுக்கு வீங்கி வந்தவர் போல வெளியே வந்தார். உங்கள் வினைல்தான் சரியில்லை என்றார்கள்.

இரண்டாவது கடையில் சூடில்லாத, மோட்டார் வைத்த மெஷின். படம் அழகாக வந்தது. நான் இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். மாமா மட்டும், அவர்கள் எதற்காக எப்போதும் நடுவிலேயே விடுகிறார்கள் என்று கேட்டார். ஓரமாக விடச் சொன்னார். டீ சாப்பிடுங்கள் என்றார்கள். டீ சாப்பிட்டுவிட்டு மறுபடியும் ஓரமாக விடச் சொன்னார். விட்டார்கள். முருகேசன் நெற்றியில் குறுக்கே ஒரு மடிப்பு.

மூன்றாவதாகப் பார்த்தது வேலூரில். ஸ்டிக்கர் கடை பாய் ஒருவர், பெரிய மெஷின் வாங்கப்போவதால் பழையதைத் தள்ளிவிட இருந்தார். கையால் சுற்றுவது, ரப்பர் உருளை இரண்டு. நாங்கள் கேட்கும் முன்பே, "வலது ஓரத்துல பிடி கம்மி, அந்த ஸ்க்ரூவை அரைச் சுத்து ஜாஸ்தி முறுக்கிக்கணும்" என்றார். மாமா என்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். "கொறையை அவனே சொல்றான்னா, உள்ள இதைவிடப் பெருசா ஒண்ணு இருக்குதுடா."

திரும்பப் போய், உருளைகளுக்கு நடுவே காகிதத் துண்டுகளை வரிசையாகச் செருகி, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். வலது ஓரத்துக் காகிதம் மட்டும் லேசாக வந்தது. பாய் சொன்ன குறைதான், வேறு ஒன்றுமில்லை. மாமாவின் முகம் வாடிவிட்டது. இதில் ஒட்டிய போர்டு எங்காவது இருக்கிறதா என்று கேட்டார். இரண்டு தெரு தள்ளி ஒரு மருந்துக்கடையைக் காட்டினார் பாய். மேற்கே பார்த்த கடை, அதுவும் வேலூர் வெயில். போர்டில் சிவப்பு நிறக் கூட்டல் குறி சிவப்பாகவே இருந்தது. மாமா எட்டி நகத்தால் சுரண்டினார். உள்ளே இருந்தவர் வெளியே வந்து என்ன வேண்டும் என்று அதட்டினார். தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு, போர்டை சமீபத்தில் மாற்றினீர்களா என்று விசாரித்தார் மாமா. வைத்தது வைத்தபடிதான் இருக்கிறதாம்.

மெஷின் வந்தது. மை நன்றாகக் காயட்டும் என்று ஒரு நாள் பொறுத்து, மாமா சுற்ற, நான் தாளைப் பிடிக்க, முருகேசன் நெற்றி, கண், மீசை, தாடி என்று உருளைக்குள் போய் மெல்ல வெளியே வந்தார். சுருக்கமில்லை. மாமா சட்டையெல்லாம் வேர்வை.

மல்லிகா அக்கா விரலை ஈரமாக்கித் தேய்த்துப் பார்த்தார். "மறுபடியும் நீலமாவ மாட்டாரே?" என்று மாமாவைக் கேட்டார். எந்தக் கேரண்டியையும் நம்பாத மனுஷனிடம் கேரண்டி கேட்கிறார்.

"தெரியாதும்மா. வேலூர்ல ஒண்ணு நிக்குது, கண்ணால பாத்தேன். நெறம் போனா கொண்டா, நான் இருக்கறவரைக்கும் மாத்திக் குடுக்கறேன்" என்றார். அக்கா தலையாட்டினார். அடுத்த பௌர்ணமிக்கு வந்தவர்கள் இங்கிருந்த சாமி எங்கே என்று கேட்டார்களாம். வூட்டுக்கு வந்துட்டாரு என்று அக்கா சொன்னாராம்.

இப்போது மாமா இல்லை. கடை இருந்த இடத்தில் செருப்புக்கடை. வெயில் தாங்கும் மை வந்தபிறகு அந்த மெஷினுக்கு வேலையில்லாமல், பழைய இரும்புக்காரர் தள்ளுவண்டியில் போய்விட்டது. டீக்கடையும் பாதையை அகலப்படுத்தியபோது போயிற்று. போர்டில் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மல்லிகா அக்கா டவுனில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். போன வருஷம் போய்ப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். சுவரில் மேலே முருகேசன் முப்பது வயதில், கறுத்த தாடியோடு, நிறம் கொஞ்சமும் குறையாமல் இருந்தார்.

"பக்கத்து வூட்டுக்குப் புதுசா வந்தவங்க, இது உன் புள்ளையானு கேட்டாங்கப்பா" என்றார் அக்கா. "ஆமானுட்டேன். புருஷன்னு சொன்னா நம்பவா போறாங்க?"