ஜன்னல் வெளிச்சத்தில் ஒற்றை டம்ளர்

காமிரா வாங்கிய மனிதனுக்கு ஊரில் இரண்டே வகை ஆட்கள்தான்: அவன் எடுத்த படத்தைப் பார்த்துத் தப்பித்தவர்கள், இனிமேல் பார்த்து மாட்டப்போகிறவர்கள். இதைப் படிப்பவர்களில் கல்யாண வீட்டுக்குக் கழுத்தில் ஒன்றரைக் கிலோவைத் தொங்கவிட்டுக்கொண்டு போய், வாழை மரத்தில் வெயில் விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்று கடைசிப் பந்தியில் ரசம் மட்டும் கிடைத்த அன்பர்கள் இருந்தால், நீங்களும் நம்ம கட்சிதான். உங்களிடம் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

விருதுநகரில் ஒரு வத்தல் கமிஷன் கடையில் தரம் பார்ப்பது என் வேலை. மூட்டையிலிருந்து ஒரு கை மிளகாய் வத்தலை அள்ளி வாசல் வெளிச்சத்தில் பிடித்தால், அது எந்த நிலத்தில் விளைந்தது, எத்தனை நாள் வெயில் கண்டது என்று சொல்லிவிடுவேன். வெளிச்சத்தைப் பார்த்தே காலம் தள்ளியவன் ஐம்பத்தேழு வயதில் காமிரா வாங்கினான் என்றால் அதில் அதிசயமில்லை. வாரம் முழுக்கக் கடை, ஞாயிற்றுக்கிழமை காமிரா. என்னோடு இன்னும் இரண்டு பேர். சிவகாசி ஆஃப்செட் அச்சகத்தில் படங்களுக்கு நிறம் திருத்தும் ஜாபர் பாய் ஒருவர். பட்டாசுக் குடும்பத்துப் பிள்ளையான தனசேகரன் இன்னொருவர். எங்களில் விலை கூடிய காமிரா அவரிடம்தான் இருக்கிறது.

இவர்களிடம் நான் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் முடிந்த வாரத்தில் என் மனைவி பத்மா பேத்தியைப் பார்த்துக்கொள்ள பெங்களூருக்குப் போனாள். வைகாசியில் வருவதாகச் சொன்னாள், பிறகு ஆனி என்றாள். ஆனியும் போனபின் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நுரை வெளுத்த கதை

எங்கள் சபை கூடுவது திருத்தங்கலில் ஒரு டீக்கடையில். ஒரு ஞாயிறு, மேசையில் வந்த டீயை மூவரும் படமெடுத்தோம். தனசேகரன் படத்தில் டீயின் நிறம் அருமை, ஆனால் மேலே நுரை வெள்ளைக் காகிதம் ஒட்டியதுபோல் வெளுத்துப்போயிருந்தது. ஜாபர் பாய் நுரைக்கு எக்ஸ்போஷர், அதாவது காமிராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவு, வைத்திருந்தார். நுரையில் குமிழ் குமிழாகத் தெரிந்தது, டீ தார் மாதிரி ஆகிவிட்டது.

வெயிலும் தெரிய வேண்டும், நிழலுக்குள் இருப்பதும் தெரிய வேண்டும். அந்த இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்கும் சக்திக்கு டைனமிக் ரேஞ்ச் என்று பெயர். எந்தக் காமிராவில் அது அதிகம் என்று முக்கால் மணி நேரம் பேசினோம். நான்தான் அதிகம் பேசினேன். வீட்டுக்குப் போனால் பேச ஆளில்லாதவன் பேச்சை முடிக்க மாட்டான் என்பது அவர்களுக்குத் தெரியாது. டீ மாஸ்டர் டம்ளர்களை எடுக்க வந்து, மூன்றும் அப்படியே இருப்பதைப் பார்த்தார்.

"டீ ஆறிப்போச்சே அண்ணாச்சி, அது படத்துல தெரியுதா?"

என் வத்தல் இல்லை

சிவப்பைப் படமெடுப்பது சிரமம். வெயிலில் காயும் வத்தலை எடுத்தால் காமிரா மிரண்டுபோய் எல்லாவற்றையும் ஒரே சிவப்பாக அப்பிவிடும். வத்தலின் சுருக்கம், காம்பு, பூஞ்சைப் புள்ளி எதுவும் தெரியாது. கடை வாசலில் ஒரு நாள் எக்ஸ்போஷரைப் பாதியாகக் குறைத்து, பிறகு கணினியில் அங்கங்கே வெளிச்சம் ஏற்றி, ஒரு குவியலை மாணிக்கம் மாதிரி ஆக்கினேன். எங்கள் வாட்ஸப் குழுவில் போட்டதும் தனசேகரன் எட்டுக் கைதட்டல் போட்டார்.

அந்தப் பெருமையில், சரக்கை விளைவித்துக் கொண்டுவந்த எட்டயபுரம் பக்கத்துச் சம்சாரியிடமே படத்தைக் காட்டினேன். காலையில் அவர் சரக்கு இரண்டாந்தரம்தான் என்று சொல்லி அனுப்பியதும் நான்தான். அவர் போனை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

"இது யார் வத்தலோ தெரியல. என் வத்தல் இப்படி இருந்தா நீங்க காலைல அப்படிச் சொல்லியிருப்பீகளா?"

சாம்பல் அட்டை

பட்டாசுக் கம்பெனிக்குள் காமிரா கொண்டுபோகக் கூடாது. பேட்டரி உள்ள எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது, அது நியாயமும்கூட. அதனால் அச்சங்குளத்தில் தனசேகரனின் சொந்தக்காரர் கம்பெனிக்கு நாங்கள் போனபோது, கேட்டுக்கு வெகுதூரம் தள்ளி, சாலையோரத்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெண்கள் சிலர் அங்கே வந்து உட்காருவார்கள். கேட்டுக்கொண்டுதான் எடுத்தோம்.

முத்துமாரி என்று ஒரு அம்மா. நாற்பது வயதிருக்கும். கை, முகம், காதோரம் எல்லாம் பட்டாசுக்குப் போடும் வெள்ளிப் பவுடர் படிந்து மரநிழலிலும் மின்னியது. காமிராவுக்கு அளவு காட்டுவதற்கென்றே சாம்பல் நிறத்தில் ஒரு அட்டை விற்கிறார்கள். அதைக் காட்டி எக்ஸ்போஷர் வைத்தால் நிறம் உள்ளபடி வரும். தனசேகரன் தன் அட்டையைப் பையில் தேடினார். இதோ இந்தக்கா கையே இருக்கும்போது அட்டை எதற்கு என்று நான் சொன்னேன். நானும் தனசேகரனும் சிரித்தோம். சொன்னவன் நான்தான் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன், வேறு யார் தலையிலும் கட்ட எனக்கு மனசில்லை.

முத்துமாரி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. சாப்பாட்டுத் தூக்கை மூடி வைத்துவிட்டு எழுந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார். முகம் கழுவி வந்தபின் எடுத்த படம்தான் இன்றுவரை நான் எடுத்ததில் உருப்படியானது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் காதில் விழுவது, எழுந்து போகுமுன் அவர் சொன்னதுதான்.

"செத்த இருங்க சார், கழுவிட்டு வாரேன். இது என் நெறம் இல்ல."

கலை என்று பேர் வைத்தேன்

தனியாக இருக்கிறவன் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாற்காலியில் துணி மலைபோலக் கிடக்கும். அடுப்படியில் பாத்திரம் கிடக்கும், மேசையில் ஹோட்டல் பார்சலின் வாழையிலை அப்படியே இருக்கும். நான் சமாளிப்பதாகத்தான் பத்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். அங்கே மருமகள் வேலைக்குப் போகிறாள், குழந்தைக்கு எட்டு மாதம். இங்கே நான் திண்டாடுவது தெரிந்தால் பத்மா தவித்துப்போவாள். தெரிந்தும் வராமல் இருந்துவிட்டால் அதை என்னால் தாங்க முடியாது. ஆகவே தெரியாமலிருப்பதே நல்லது.

பேத்திக்குத் தாத்தா வீட்டைக் காட்ட வேண்டும், படம் அனுப்புங்கள் என்று அவள் அடிக்கடி கேட்பாள். அதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். காலை எட்டு மணிக்குக் கிழக்கு ஜன்னல் வழியாக ஒரு துண்டு வெயில் மேசையில் விழும். அங்கே என் காப்பி டம்ளரைக் கழுவி வைத்து, அந்த வெயிலுக்கு எக்ஸ்போஷர் வைத்து எடுப்பேன். டம்ளர் வெள்ளிபோல ஜொலிக்கும். துணியும் பாத்திரமும் பார்சல் இலையும் கறுப்பில் முழுகிப்போகும். குழுவில் இதைக் கலை என்றார்கள். பெங்களூரிலிருந்து வந்த விமரிசனம் வேறு.

"ஏங்க, நம்ம வீட்டுல கரண்ட் பில்லு கட்டலையா?"

ரா ஃபைல்

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வாரம் ஒருவர் தன் படத்தின் ரா ஃபைலைக் கொடுக்க வேண்டும். காமிரா பிடித்த வெளிச்சம் அத்தனையும் கழிபடாமல் இருக்கும் ஃபைல் அது. மற்றவர்கள் அதை அவரவர் ருசிக்குத் திருத்திப் போடுவார்கள். ஆடி மாதம் இரண்டாம் வாரம் என் முறை. அன்று காலையில் எடுத்த டம்ளர் படம் அது, தலைப்பு 'இன்று காலை'. வெறும் படத்தை அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பேன். கறுப்பாகத் தெரிவதெல்லாம் ரா ஃபைலுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும் என்று டீக்கடையில் முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தவன், அதை மறந்து அனுப்பிவைத்தேன்.

தனசேகரன் டம்ளருக்குச் சாயங்கால ஆரஞ்சு பூசி, மீதியை இன்னும் கறுப்பாக்கித் தந்தார். அவருக்கு ஆயுசு நூறு. ஜாபர் பாய் குழுவில் எதுவும் போடவில்லை. சாயங்காலம் கடையில் இருக்கும்போது போன் செய்தார். படத்தைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று நான் தயாராக இருந்தேன். அவர் முதலில் சொன்னது எங்கள் கடை பேரில் அச்சடித்த தினக்காலண்டரைப் பற்றி. வீட்டுச் சுவரில், டம்ளருக்குப் பின்னால் இருட்டில் அது இருந்தது எனக்கே நினைவில்லை. அதில் லட்சுமியின் பச்சைச் சேலைக்கு நிறம் திருத்தியது அவர்தானாம், மூன்று தடவை திருத்தினாராம். நிழலில் அந்தப் பச்சை கொஞ்சம் தெரிந்ததும் உள்ளூர ஆசை வந்து, சரியாக வந்திருக்கிறதா என்று இன்னும் வெளிச்சம் ஏற்றிப் பெரிதாக்கியிருக்கிறார். அப்புறம்தான் அவர் கண் சேலைக்குக் கீழே தேதித் தாளுக்குப் போயிருக்கிறது.

"ஏப்ரல் பத்துலயே நிக்கிது அண்ணாச்சி, ஒருத்தரும் தாளைக் கிழிக்கல. மதினி ஊர்ல இல்லையா?"

அனுப்பினேன்

எங்கள் வீட்டில் தாள் கிழிப்பது பத்மாவின் வேலை. காலையில் குளித்துவிட்டு வந்து, கிழித்து, ராசிபலனை எனக்கும் சேர்த்து வாசித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். அவள் போனபின் அதைத் தொட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. துக்கம் ஒன்றுமில்லை, வெறும் ஞாபகமின்மைதான் என்று ஜாபர் பாயிடம் சொன்னேன். அவர் ஆமாம் போட்டார். அடுத்த ஞாயிறு டீக்கடையில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. திரும்பும்போது மட்டும், எங்கள் ஊர் எண்ணெய் பரோட்டா சாப்பிட்டு ரொம்ப நாளாயிற்று என்று சொல்லி, சிவகாசிக்குப் போக வேண்டிய மனிதர் என்னோடு விருதுநகர் வரைக்கும் வந்தார்.

அவர் வெளிச்சம் ஏற்றிய படம் என் போனில் இருந்தது. நிழலெல்லாம் புள்ளி புள்ளியாக, மணல் தூவியதுபோல இருந்தது. ஆனாலும் நாற்காலித் துணியிலிருந்து பார்சல் இலை வரை ஒன்று விடாமல் தெரிந்தது. நான்கு மாதமாக நான் குடியிருக்கும் வீட்டை அன்றுதான் நானே பார்த்தேன். பயமாக இருந்தது. மறுநாள் பத்மா வழக்கம்போலச் சாப்பிட்டீகளா என்று கேட்டு ஒரு வரி அனுப்பினாள். இல்லை என்று எழுதி, கூடவே அந்தப் படத்தையும் அனுப்பிவிட்டேன்.

பார்த்துவிட்டாள் என்று நீலக் கோடு இரண்டும் விழுந்தன. பதில் வரவில்லை. கடைக்குப் போய் மூன்று மூட்டை பிரித்துப் பார்த்தேன். ஒன்றுக்கும் தரம் சொல்ல முடியவில்லை, கண் போனிலேயே இருந்தது. துணியை மடிக்கச் சொல்வாள், பாத்திரத்துக்குத் திட்டுவாள், அதுகூட வராவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மத்தியானம் பேத்தி தூங்கிய நேரமாக இருக்க வேண்டும், அழைத்தாள். குரல் மெதுவாக இருந்தது. துணியைப் பற்றியும் பாத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.

"அந்தத் தாள் ஒன்னைக்கூட நீங்க கிழிக்காதீக, அம்புட்டையும் நான் வந்துதான் கிழிப்பேன்."

ஆடி முடிந்து ஆவணியும் பிறந்துவிட்டது அன்பர்களே, எங்கள் வீட்டில் மட்டும் இன்னும் ஏப்ரல் பத்து, வெளிச்சம் பரவாயில்லை.