சண்டை முடிந்த ஞாயிறு

ஜெபத்தின்போது கண்ணைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அப்பா உபதேசியார், அவருடைய அப்பாவும் உபதேசியார். யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்த அப்பா, அகதியாக டென்மார்க்குக்கு வந்து கிரின்ஸ்டெட் நகருக்குப் பக்கத்தில் குடியேறிய பிறகும் அதை விடவில்லை. நான் கண் திறந்தால் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார். தானும் திறக்காமல் அது எப்படித் தெரியும் என்று எனக்கு நெடுநாள் உறைக்கவில்லை.

அப்பாவும் நானும் அம்மாவின் தம்பியான மாமாவும் முதலில் வந்திருந்தோம். அம்மாவும் கைக்குழந்தையான என் தம்பியும் ஊரில். அவர்களைக் கூப்பிட அப்பா விண்ணப்பம் போட்டிருந்தார். சண்டை முடிய வேண்டும், அம்மா வர வேண்டும் என்று சாப்பாட்டுக்கு முன் தினமும் ஜெபிப்போம். இரண்டையும் ஒன்றாகக் கேட்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

எண்பத்தேழாம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தம் வந்தது. இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தில் இறங்கியது. அடுத்த ஞாயிறு, எங்கள் தமிழ் ஜெபக்கூட்டத்துக்கு மண்டபம் தந்திருந்த டெனிஷ் போதகர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். அவருடைய மனைவி பெரிய கிரீம் கேக்கில் சின்னச் சின்னக் காகிதக் கொடிகள் குத்திக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்தில் டெனிஷ் படிக்கிற நான்தான் மொழிபெயர்ப்பாளர். ஆட்களைப் பார்க்க வெட்கப்பட்டு, என் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு போதகர் சொன்னதைச் சொன்னேன்.

"சண்டை முடிஞ்சுதாம். இனி நாங்கள் எல்லாரும் வீட்டை போகலாமாம்."

ஒருவரும் கை தட்டவில்லை. போதகர் அப்பாவை நன்றி ஜெபம் செய்யச் சொன்னார்.

"ஆண்டவரே, சமாதானத்துக்காக ஸ்தோத்திரம்" என்று அப்பா தொடங்கினார். வழக்கமாக வரிக்கு வரி மண்டபம் அதிர 'ஆமென்' வரும். அன்று போதகரின் குரல் மட்டுமே வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. கண்ணைத் திறந்தேன். எல்லோருடைய கண்களும் திறந்திருந்தன. எல்லோரும் அந்தக் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே ஜெபித்தார். பிறகும் கண் திறந்ததற்கு ஏசவில்லை.

திரும்பும்போது கார் ஓட்டிய மாமா சொன்னார்: "அத்தான், கொஞ்சம் மெல்ல ஜெபிச்சிருக்கலாம்."

"ஆண்டவருக்குக் கேட்க வேண்டாமோ?"

"அவருக்குக் கேட்டால் பரவாயில்லை. டெனிஷ்காரருக்கெல்லோ கேட்டிட்டுது. ஊரிலை சமாதானமெண்டால் அக்காவை ஏன் இஞ்சை விடப்போறாங்கள்? அந்தச் சமாதானம் எத்தினை நாளைக்கெண்டு ஆருக்குத் தெரியும்?"

பின்சீற்றில் இருந்து ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு சாப்பாட்டு ஜெபத்தில் 'சமாதானம்' என்ற சொல் வரும்போதெல்லாம், அது மேலே போய்ச் சேரக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அப்பாவின் குரலும் அந்த இடத்தில் தாழ்ந்துவிடும்.

இலைகள் கொட்டத் தொடங்கிய ஒரு மாலை, மாமா சப்பாத்தோடேயே உள்ளே வந்தார்.

"அத்தான், திரும்பத் துவங்கிட்டுது. இப்ப இந்திய ஆமியோடை அடிபாடு. யாழ்ப்பாணம் முழுக்க ஷெல் அடிக்கிறாங்களாம்."

அப்பா சாப்பாட்டு மேசைக் கதிரையைப் பிடித்தபடி முழங்காலில் சரிந்தார். நன்றி ஜெபம் என்று நினைத்தேன். இத்தனை நாள் நெஞ்சில் இருந்த பயமெல்லாம் ஒரேயடியாக இறங்க, ஓடிப்போய்ப் பக்கத்தில் முழங்காலிட்டேன்.

"ஸ்தோத்திரம் அப்பா! இனி அம்மாவை விடுவாங்கள்தானே?"

அப்பாவின் உள்ளங்கை என் வாயை மூடியது. அடிக்கவில்லை, அழுத்தவுமில்லை. மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மாவும் தம்பியும் பிறகு வந்து சேர்ந்தார்கள். அந்த மாலை, யாழ்ப்பாணத்தில் சண்டை என்று எனக்குத் தெரியும். அம்மா யாழ்ப்பாணத்தில் இருக்கிறார் என்றும் தெரியும். இரண்டையும் சேர்த்து நினைக்க மட்டும் அந்த வயதில் வரவில்லை. நல்ல செய்திக்கு அப்பா ஏன் இப்படிச் செய்கிறார், என் வாயிலிருந்து கையை எப்போது எடுப்பார் என்று காத்துக்கொண்டிருந்தேன்.