தள்ளினவன் ஏறலாம்: புது பேட்டரி வாங்கப் போன கதை

இன்று காலை பேட்டரி கடை கவுண்டரில்...

"இதப் போட்டீங்கன்னா இனிமே யாரும் வண்டியத் தள்ளவே வேணாம் சார்!" என்றார் கடைத் தம்பி.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என் மகன் முறைத்தான். (பிக்கப் அவனுடையது, பணமும் அவனுடையது. தொண்ணூறு தாண்டிய கிழவனை யார் கூட்டி வரச் சொன்னது?)

சிரிப்புக்குக் காரணம் இருக்கிறது மக்களே!

ஐம்பதுகளில் நான் தூத்துக்குடிப் பக்கமிருந்து பட்டணம் வந்து, கல்மண்டபத்தில் வெங்காய மண்டி போட்டிருந்த இளவட்டம். குடியிருந்தது எர்ணாவூரில். பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய பிக்கப் ஒன்று வைத்திருந்தேன். எஞ்சின் தங்கம். பேட்டரிதான் படு மோசம்!

முன்பக்கம் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்றியும் கிளப்பலாம். ஆனால் அது திருப்பி அடித்தால் மணிக்கட்டு போய்விடும். (ஒரு தடவை வாங்கினேன். போதும்.)

ஆகவே தினமும் காலையில் தள்ளல்தான்.

தள்ளுகிறவர்கள் பக்கத்து வீட்டு மாரியும் அவருடைய கூட்டாளிகளும். எல்லோரும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள். சங்கு ஊதுவதற்குள் துறைமுக கேட்டில் நிற்காதவனுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. வேலை இல்லையென்றால் வீட்டில் உலையும் இல்லை.

வண்டி கிளம்பியதும் பின்னால் தாவி ஏறிக்கொள்வார்கள். கேட்டில் இறக்கிவிட்டு நான் மண்டிக்குப் போவேன். யாரும் உட்கார்ந்து பேசி வைத்த ஏற்பாடு இல்லை. தள்ளினவன் ஏறலாம், அவ்வளவுதான்!

என் தொல்லை வேறு. சாயங்காலம் திரும்பும்போது தள்ள ஆளே கிடைக்காது! ஒருநாள் ரயில்வே கேட்டில் வண்டி நின்று, பின்னால் இருந்த மாட்டுவண்டிக்காரரிடம் வாங்கிய வசவு என் பரம்பரைக்கே போதும்.

"புது பேட்டரி வாங்கப் போறேன்வே" என்று மாரியிடம் சொன்னேன்.

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு, "அண்ணாச்சி, நீ ஒண்ணும் தெரியாத ஆளு. கடக்காரன் குல்லா போட்டுடுவான். நாங்களும் வர்றோம்" என்றார்.

பாசக்காரப் பயல்கள் என்று நெஞ்சு குளிர்ந்து போனேன். (எவ்வளவு பெரிய மக்கு பாருங்கள்!)

ராயபுரத்தில் ஒரு கடை. கடைக்காரர் மூன்று பேட்டரிகளை எடுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் ஹெட்லைட் பல்பை மாட்டிக் காட்டினார்.

முதல் பேட்டரி. பல்பு வெளிச்சத்தில் கண் கூசியது!

"இன்னாத்துக்கு இம்மாம் வெளிச்சம்? பல்பு பூடும் அண்ணாச்சி, வேணாம்!" என்றார் மாரி.

இரண்டாவது. இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். உள்ளே தகடு நிறைய இருக்கிறது என்று அர்த்தம்.

"கனத்துல வண்டி மூக்கு தரையில குத்திக்கும்!" என்றார் ஒரு கூட்டாளி. மற்றவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

மூன்றாவது, யாரோ கழித்துக் கட்டியது. பெட்டியில் விரிசல். பல்பு எரிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

"இத்தான் அண்ணாச்சி! சோக்கா கீது! கண்ண மூடிகினு வாங்கு!"

கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "யோவ், அது ஓரமா போட்டு வச்சதுய்யா! தெரியாம கைல வந்துட்ச்சி!"

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. மூட்டையைத் தொட்டுப் பார்த்தே உள்ளே அரிசியா பருப்பா என்று சொல்கிற ஆட்கள். இவர்களுக்கா நல்ல பேட்டரி தெரியாது?

கனமானதைத்தான் வாங்கினேன். மாரியே அதைத் தோளில் தூக்கி வந்து வண்டியில் வைத்தார்.

மறுநாள் காலை, ஸ்டார்ட்டரை ஒரு மிதி. வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது! ஆகா என்று திரும்பிப் பார்த்தால், வாசலில் ஒரு ஆள் இல்லை.

திருவொற்றியூர் ரோட்டில்தான் அவர்களைப் பிடித்தேன். தூக்குச்சட்டியோடு ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நிறுத்தினேன்.

"ஏறுங்கவே!"

மாரி நின்றார். மூச்சு வாங்கியது. "இல்ல அண்ணாச்சி. தள்ளினோம், ஏறினோம். இப்ப சும்மா ஏறினா ஓசி சவாரி ஆயிடும். நீ போ."

"சங்கு ஊதிரும்வே!"

"ஊதட்டும்."

அப்போதுதான் என் மரமண்டையில் உறைத்தது. கடையில் அவர்கள் பேட்டரி பார்க்கவில்லை. தங்கள் பிழைப்பைப் பார்த்திருக்கிறார்கள்! சங்கடமாக இருந்தது. கெஞ்சினாலும் ஏற மாட்டார்கள் என்பதும் தெரிந்தது. மனுஷனுக்கு ரோஷம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

நான் எஞ்சினை அணைத்தேன்.

"வண்டி நின்னு போச்சுவே. என்னன்னு தெரியல!"

மாரி என் முகத்தைப் பார்த்தார். பிறகு பேட்டரி இருந்த இடத்தைப் பார்த்தார். தன் தோளில் தூக்கி வைத்த பேட்டரி, அவருக்குத் தெரியாதா?

துண்டை எடுத்துத் தலையில் இறுக்கிக் கட்டினார்.

"இன்னாங்கடா வேடிக்க பாத்துகினு கீறீங்க? அண்ணாச்சி பேட்டரி வீக்கு! கைய போடுங்கடா!"

தள்ளினார்கள். ஏறினார்கள். கேட்டுக்குள் நுழையவும் சங்கு ஊதவும் சரியாக இருந்தது!

போகிறபோது மாரி மட்டும் திரும்பி வந்தார். "அண்ணாச்சி, நாளைக்கும் வீக்காத்தான் இருக்குமா?"

"ஆமாவே. ரொம்ப வீக்கு."

அற்புதமான பேட்டரி மக்களே, வருஷக்கணக்கில் உழைத்தது! ஆனால் அதற்கப்புறம் காலை வேளையில் ஒருநாள் கூட நான் ஸ்டார்ட்டரை மிதிக்கவில்லை.

சரி, கவுண்டரில் அந்தத் தம்பி இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார். "யாரும் தள்ளவே வேணாம்" என்கிற பேட்டரிதான் வேண்டும் என்று மகன் ஒற்றைக்காலில் நிற்கிறான்.

நீங்களே சொல்லுங்கள், என்ன பதில் சொல்லட்டும்?