கிலோ அக்காவின் தொண்ணூற்றேழு

ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்து ஒரு கட்டாக முடித்துவிட்டுத்தான் கிலோ அக்கா தலையை நிமிர்த்துவாள். அதற்குள் மைதானத்தில் அடுத்த பந்து முடிந்திருக்கும். "அய்யய்யோ, இப்ப யாருக்கு?" என்று பக்கத்து நாற்காலியைக் கேட்பாள். அதில் யார் உட்கார்ந்திருந்தாலும் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லாவிட்டால் முழங்கையால் ஓர் இடி விழும். மடியில் விரித்த நோட்டில் இடப்பக்கம் மகள், வலப்பக்கம் எதிராளி. யாருக்குப் பந்து கிடைக்கிறதோ அவர் பக்கம் ஒரு கோடு. டென்னிஸில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்.

பிழைப்பு லாரி எடை மேடையில். சரக்கோடு வரும் லாரியை நிறுத்தி ஓர் எடை, இறக்கிவிட்டு வந்ததும் காலி வண்டிக்கு ஓர் எடை, கழித்தால் சரக்கு. முதல் எடைக்கு வண்டியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, காலி எடைக்கு மட்டும் நைசாக இறங்கி நிற்பது ஓட்டுநர்களின் பழைய வித்தை. "ஏறுண்ணே வண்டியில. வரும்போது உன்னையும் சேத்துத்தானே நிறுத்தேன்? சரக்கோட சேத்து உன்னையும் வித்துட்டியா?" என்பாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு கிலோவைக் கூட்டியோ குறைத்தோ எழுத அவளை யாராலும் சம்மதிக்கவைக்க முடிந்ததில்லை. முதலாளியே ஒருமுறை கெஞ்சிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். கிலோ அக்கா என்பது ஓட்டுநர்கள் வைத்த பெயர்.

எடை மேடைக்குப் பின்னால் ஒரு சுவர், சுவருக்கு அப்பால் டென்னிஸ் மைதானம். தாண்டி விழும் பந்துகளைத் திருப்பி எறிந்துகொண்டிருந்த மகளின் கை வீச்சைப் பார்த்துத்தான் பயிற்சியாளர் அவளை உள்ளே கூப்பிட்டார். இப்போது அவளுக்குப் பதினைந்து வயது. பெற்றவளுக்குப் பெருமை தலைகொள்ளவில்லை. ஆட்டம்தான் தலைக்குள் ஏற மாட்டேன் என்கிறது.

"மொத பந்துக்குப் பதினஞ்சு. சரி. ரெண்டாவதுக்கு முப்பது. அதுவும் சரி. மூணாவதுக்கு நாப்பதுங்கறாங்களே, அந்த அஞ்சு எங்க போச்சு? எவன் எடுத்தான்?"

மகளும் சொல்லிப் பார்த்தாள். நாலாவது பந்தையும் எடுத்தால் ஒரு கேம். இருவரும் நாற்பதில் நின்றால் அதற்கு டியூஸ் என்று பெயர்; அங்கிருந்து ஒருத்தி தொடர்ந்து இரண்டு பந்து எடுத்தால்தான் கேம் அவளுக்கு. ஆறு கேம் எடுத்தால் ஒரு செட், அதிலும் இரண்டு கேம் வித்தியாசம் இருக்க வேண்டும். இரண்டு செட் எடுத்தவள் ஜெயித்தவள். கிலோ அக்கா எல்லாவற்றுக்கும் ஒழுங்காகத் தலையாட்டினாள். கடைசியில், "அப்ப நாப்பதுக்கு அப்புறம் அம்பதா?" என்று கேட்டாள். மகள் எழுந்து போய்விட்டாள்.

அவள் எண்ணிய முதல் ஆட்டம் ஒரு கூத்து. எடை மேடையில் வரும் பக்கம், போகும் பக்கம் என்று பழகிய கை. மைதானத்தின் இந்தப் பாதிக்கு ஒரு கணக்கு, அந்தப் பாதிக்கு ஒரு கணக்கு என்று எழுதிவிட்டாள். ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை கேம் முடியும்போதெல்லாம் ஆடுபவர்கள் பக்கம் மாறிக்கொள்வார்கள் என்று யார் கண்டது? முடிவில் மகளின் பந்துகளும் எதிராளியின் பந்துகளும் கலந்து கூழாகிவிட்டன. போதாக்குறைக்கு, எதிராளியின் இரண்டு சர்வீசும் வலையில் விழுந்து பந்து மகளுக்குக் கிடைத்தபோது எழுந்து நின்று கைதட்டினாள்.

"அடுத்தவ தப்பு பண்ணா கைதட்டக் கூடாதும்மா. மானம் போகுது."

"நமக்குத்தானடி கெடச்சுது!"

அன்றோடு மகள் ஓர் ஒப்பந்தம் போட்டாள். "வா. ஆனா மைதானத்தப் பாத்து வாயத் தொறக்காதே."

போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் சாதாரண ஆட்டம் அல்ல. மாவட்ட அணியில் ஒரே ஓர் இடம்தான் பாக்கி, ஜெயிப்பவளுக்கு அது. மகளுக்கு இந்த வயதுப் பிரிவில் இதுதான் கடைசி வருடம். மூன்று நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

முதல் செட்டை மகள் ஆறுக்கு ஒன்று என்று அள்ளிக்கொண்டாள். இடப்பக்கம் கட்டு கட்டாக ஏறியது. அடுத்த செட் எதிராளிக்கு, ஆறுக்கு நாலு. கடைசி செட்டும் அவளுக்கே, ஏழுக்கு ஐந்து. கிலோ அக்கா இதையெல்லாம் எங்கே கவனித்தாள்? கோடுகளை எண்ணினாள்: மகளுக்குத் தொண்ணூற்றேழு, எதிராளிக்குத் தொண்ணூற்று மூன்று. நிம்மதியாக நோட்டை மூடினாள். எதிராளியின் அம்மா ஓடிவந்து பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதபோது, பாவம், தோத்துட்டா போல என்று இரக்கம்கூட வந்தது.

பக்கத்து நாற்காலிக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். ஒப்பந்தம் காற்றில் பறந்தது. நேரே நடுவரின் மேசைக்குப் போய் நோட்டை விரித்தாள்.

"தொண்ணூத்தேழு பெருசா, தொண்ணூத்தி மூணு பெருசா? நீங்களே சொல்லுங்க சார்."

நடுவர் பொறுமைசாலி. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு நோட்டை முழுதாகப் பார்த்தார். "உங்க கணக்கு சரியாத்தான் இருக்கும்மா. ஆனா மொத செட்டுல அள்ளுனது அந்த செட்டோட சரி. மிச்சத்த அடுத்த செட்டுக்குத் தூக்கிட்டுப் போக முடியாது. முக்கியமான பந்தெல்லாம் அந்தப் பொண்ணு எடுத்துட்டா."

"முக்கியமான பந்தா? எல்லாப் பந்தும் ஒரே எடைதானே சார்?"

நடுவர் தொப்பியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

மகள் ஓரத்து பெஞ்சில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்ததற்கு இன்று நன்றாக விழப்போகிறது என்று பயந்துகொண்டே கிலோ அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டு வரவில்லை.

"நீ எண்ணியிருப்பியே. எவ்ளோம்மா?"

"நீதான்டி ஜாஸ்தி. நாலு ஜாஸ்தி!"

ஆறுதலாக இருக்கும் என்றுதான் நோட்டை நீட்டினாள். மகள் ஒவ்வொரு கட்டாக விரல் வைத்து எண்ணினாள். எண்ணி முடித்ததும் அதுவரை அடக்கி வைத்திருந்தது உடைந்தது.

"அவ என்னைவிட நல்லா ஆடி ஜெயிச்சிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்மா. நான் ஜாஸ்தி எடுத்துட்டு, கைல இருந்தத நானே தொலைச்சிருக்கேனே!"

கிலோ அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குறைந்துவிட்டது என்று அழுபவர்களைத் தினமும் பார்க்கிறாள். அதிகமாக இருக்கிறது என்று ஒருத்தி அழுது இன்றுதான் பார்க்கிறாள். ஆட்டமும் புரியவில்லை, பெற்ற பெண்ணும் புரியவில்லை. அந்த நாலுதான் பெண்ணைப் போட்டுக் குத்துகிறது என்பது மட்டும் தெரிந்தது.

"குடு இங்க" என்று நோட்டை வாங்கினாள். பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எதிராளியின் பக்கத்தில் ஐந்து கோடுகள் போட்டாள்.