கூரைக்குள் ஓடிய சைக்கிள்

அம்மா அக்காவுக்குப் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "ஒருக்கா விழுந்தாலும் அதோட சரி. சைக்கிளைக் கொண்டுபோய்க் கடலுக்குள்ள போடுவன்." அம்மா சொன்னால் சொன்னதுதான். படிக்காமல் திரிந்ததற்காகத் தன் தம்பியின் பட்டங்களையெல்லாம் அடுப்புக்குள் வைத்தவர் அவர். அந்தத் தம்பிதான் என் மாமா. அக்காவுக்குப் பயிற்சி கொடுத்தவரும் அவர்தான்.

அக்காவின் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். நினைத்த இடத்தில் காலை நிறுத்த முடியாது. பந்தயப் பாதையில் ஓடும் சைக்கிள்கள் அப்படித்தான் என்று மாமா எவ்வளவோ சொல்லியும் அது அம்மாவின் மண்டைக்குள் இறங்கவே இல்லை. தை பிறந்ததும் கொழும்பில் சைக்கிள் அணிக்கான தேர்வு. தேறுகிறவர்களை வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே பனிக்காலத்திலும் கூரைக்குள், பலகை பாவிய வட்டப் பாதையில் பயிற்சி நடக்கும். மாமா அந்தப் பயிற்சியின் வீடியோவை எங்களுக்குக் காட்டிக் காட்டியே அவருடைய போன் சூடாகிவிடும்.

திருகோணமலையில் பனி ஏது? மாரிதான். கார்த்திகை பிறந்தால் நிலாவெளி ரோட்டில் பஸ்ஸே நீந்தித்தான் வரும். அதனால் மாமா துறைமுகத்துக்குப் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த ஒரு பெரிய சீமெந்து ஸ்டோரின் கதவுத் திறப்பை யாரிடமோ கெஞ்சி வாங்கிவந்தார். "அங்க பனிக்குக் கூரை, இங்க மழைக்குக் கூரை. வேற என்ன வித்தியாசம்?" என்றார். பலகையும் இல்லை, சரிந்த வளைவும் இல்லை என்பதை நாங்கள் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

மாமா மோட்டார் சைக்கிளில் முன்னால் போவார். அவர் காற்றை மறைத்துக்கொடுக்க, அக்கா அதன் பின்சக்கரத்தை ஒட்டியபடி வருவாள். இடைவெளியைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். பின்சீற்றில் பின்பக்கம் பார்த்து, மாமாவின் முதுகோடு முதுகு சாய்த்து இருப்பேன். அக்கா தலையசைத்தால் நான் முழங்கையால் மாமாவை இரண்டு தரம் இடிக்க வேண்டும். அப்படியென்றால் வேகம். ஒரு தரம் இடித்தால் மெதுவாக. பத்து வயதில் எனக்கு இதைவிடப் பெரிய உத்தியோகம் யார் தருவார்கள்? ஆனால் ஒவ்வொரு வளைவிலும் சீற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

தேர்வு நெருங்கியிருந்த ஒரு பின்னேரம். காற்று மழையை உள்ளே அள்ளிக் கொட்டியதால் மாமா கதவைப் பாதி சாத்திவிட்டார். தகரக் கூரையில் விழுந்த மழையில் எஞ்சின் சத்தமே கேட்கவில்லை. புகையில் கண் எரிந்தது. அக்கா தலையசைத்தாள். இரண்டு தரம் இடித்தேன். மறுபடியும் அசைத்தாள். மறுபடியும் இடித்தேன். பின்னுக்குப் பார்த்து இருப்பவருக்கு வரப்போவது தெரியாது, கடந்துபோனதுதான் தெரியும். எங்கள் சக்கரம் தாண்டிய பிறகுதான் வளைவில் அந்த ஈரத்தைக் கண்டேன். கூரை புதிதாக ஓர் இடத்தில் ஒழுகத் தொடங்கியிருந்தது. ஒரு தரம் இடித்தால் மாமா மெதுவாக்குவார், அக்கா எங்கள்மேல் வந்து மோதுவாள். இடிக்காவிட்டால்?

"அக்கா, தண்ணி!" என்று கத்தினேன். கத்தி என்ன பயன், அவளால் நிற்க முடியாதே. சைக்கிள் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகச் சறுக்கிப்போக, நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

எழும்பிவிட்டாள். எலும்பு எதுவும் முறியவில்லை. வலது உள்ளங்கை மட்டும் தோல் உரிந்து கிடந்தது. "மாமா, அம்மா கண்டா எல்லாம் முடிஞ்சுது," என்றாள்.

மாமா நெற்றியைத் தேய்த்தார். "ரோட்டில மான் குறுக்க பாய்ஞ்சதெண்டு சொல்லுவம்." எங்கள் ஊரில் மான்கள் மாடுகளைப் போலத் தெருவில் திரிவதால் நம்பக்கூடிய கதைதான்.

"மான் பாய்ஞ்சாலும் விழுந்தது விழுந்ததுதானே மாமா."

அதோடு மான் கதை முடிந்தது. அக்கா நீளக்கைச் சட்டைக்குள் கையை இழுத்துக்கொள்ள, சைக்கிளை நான் உருட்ட, மூவரும் வீட்டுக்கு வந்தோம்.

வாசலில் அம்மா தலை துவட்டத் துவாயுடன் நின்றார். "எப்பிடிப் போச்சுது?" என்று கேட்டார். "நல்லம்," என்றோம் மூவரும் ஒரே குரலில். அம்மா அக்காவை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சமையலைக் கவனிக்கக் குசினிக்குள் போனார்.

உண்மையான ஆபத்து சாப்பாட்டில்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மீன்குழம்பு அந்தக் கையில் பட்டால் அக்கா கத்தாமல் இருப்பாளா? தட்டுகளை ஒவ்வொன்றாக, மெதுவாக எடுத்து வைத்தேன்.

அம்மா தட்டுகளைத் தொடவே இல்லை. பெரிய சட்டிக்குள் சோற்றையும் கறிகளையும் குழம்பையும் கொட்டித் தன் கையாலேயே பிசைந்தார். குழையல்! விருந்தாளிகள் கூடிய நாளில்தான் எங்கள் வீட்டில் அது நடக்கும். "மழைக்கு நல்லாயிருக்கும்," என்றார். வழக்கமாக உருட்டி, ஏந்திய கைகளில்தான் வைப்பார். அன்று யாரையும் கை நீட்டச் சொல்லவில்லை. அக்காவின் வாய்க்குள்ளேயே வைத்தார். பிறகு என் வாய்க்குள். வெட்கத்தோடு வாய் திறந்த மாமாவுக்கும் ஓர் உருண்டை கிடைத்தது.

அக்காவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"உறைப்போ?"

"ஓம் அம்மா."

"தண்ணியைக் குடி."

நான் மேசைக்கடியில் மாமாவின் காலை உதைத்தேன். தப்பிவிட்டோம் என்று அர்த்தம். அம்மாவை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று எனக்கு ஒரே பெருமை.

அடுத்த நாள் பயிற்சிக்குப் புறப்படும்போது சைக்கிளின் வலது கைப்பிடியில் அம்மாவின் பழைய சீலைத்துணி மெத்தென்று சுற்றித் தைக்கப்பட்டிருந்தது. மழைக்கு வழுக்காமல் இருக்க மாமா செய்த வேலை என்று நினைத்துக்கொண்டு பின்சீற்றில் ஏறினேன். இடது பிடி வெறுமையாகவே இருந்தது.