காந்த ரூமும் என் கொண்டையும்

கனகம்மாசத்திரம் போகிற ரோட்டில், மருந்துக்கான சரக்கைச் செய்து பார்க்கிற லேப் ஒன்று இருக்கிறது. அங்கே கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலை எனக்கும் என் நாத்தனாருக்கும். அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு அவளோடு போட்டி. அவளுக்கு என்னோடு போட்டியே இல்லை. அதுதான் என் முதல் வயிற்றெரிச்சல்.

படித்த பிள்ளைகள் அங்கே ஏதேதோ பொடி செய்வார்கள். செய்ய நினைத்ததுதான் வந்திருக்கிறதா என்று அவர்களுக்கே தெரியாது. என் குழம்பும் அப்படித்தான். ஆனால் அதைச் சோதிக்க எங்கள் வீட்டில் மிஷின் கிடையாது, என் வீட்டுக்காரர் மூஞ்சிதான். லேபில் பொடியைச் சூடாக்கி, எந்தச் சூட்டில் உருகுகிறது என்று பார்ப்பார்கள். வெள்ளைத் தகட்டில் பொட்டு வைத்து, அது எத்தனை பொட்டாகப் பிரிகிறது என்று ஊதா விளக்கில் பார்ப்பார்கள். கடைசியாக, கொஞ்சம் பொடியைக் காந்த ரூமுக்கு அனுப்புவார்கள். அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு காந்த மிஷின். பொடியைக் கரைத்து, ஈர்க்குச்சி மாதிரி ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி அதற்குள் இறக்கினால் கம்ப்யூட்டரில் மேடு மேடாகக் கோடு வரும். மேட்டைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த ரூம் சார் சொல்லிவிடுவார்.

அந்த ரூமில் எப்போதும் ஏசி. கழுவி வருகிற குழாய்களைத் துடைத்து சாரிடம் கொடுக்க ஓர் ஆள், அந்த ஆளுக்குச் சாய்ந்து உட்கார நாற்காலி. நான் மூத்தவள், அது எனக்குத்தான் வரவேண்டும். முதல் நாள் ஜம்மென்று உள்ளே போய் மிஷின் பக்கத்தில் குனிந்தேன். கொண்டையிலிருந்த ஊசி தானாக உருவிக்கொண்டு போய் அதில் ஒட்டிக்கொண்டது.

“யம்மா, வெளிய போங்க! தலையில இன்னா, இரும்புக் கடையே வச்சினு இருக்கீங்க?” என்று சார் கத்தினார்.

நாத்தனார் அப்போதுதான் மலைக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்திருந்தாள். ஊசியில்லை, கிளிப்பில்லை. நாற்காலி அவளுக்குப் போய்விட்டது. நான் வெளியே தொட்டியருகில் நின்று குழாய் கழுவிக்கொண்டே, கண்ணாடிக் கதவு வழியாக அவள் மொட்டையைப் பார்த்துப் பொருமினேன்.

“உள்ள ஒரே குளிரு அண்ணி, வெடவெடன்னு வருது” என்பாள் சாப்பாட்டு நேரத்தில்.

“ஐய, பாவம். ஊட்டில இருந்து இப்பதான் எறங்கி வந்தியா? கம்பளி வாங்கியாரட்டுமா?”

அதற்கும் சிரிப்பாள். கோபித்துக்கொண்டாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கடைசியில் நானும் மலையேறினேன். இடுப்பு வரைக்கும் இருந்த முடியை முருகனுக்குக் கொடுத்தேன்.

“திடீர்னு இன்னா வேண்டுதலு?” என்றார் வீட்டுக்காரர்.

“உங்க தங்கச்சி நல்லா இருக்கணும்னுதான்.”

மனுஷன் அதை நம்பிக் கண்கலங்கினார்.

மறுநாள் சாரிடம் போய் நின்றேன். “பாருங்க சார், இப்ப தல மேலயும் ஒண்ணுமில்ல, உள்ளயும் ஒண்ணுமில்ல.”

அவர் சிரித்துவிட்டார். ஆளுக்கு ஒரு வாரம் உள்ளே என்று முடிவானது. முதல் வாரம் எனக்கு. நாற்காலியில் உட்கார்ந்து, தொட்டியருகில் நின்ற நாத்தனாரை ஆசைதீரப் பார்த்தேன். முழுசாக ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, சார் கம்ப்யூட்டரைத் தட்டினார்.

“இங்க பாருங்க, வேண்டாத மேடு. இது அசிட்டோன். குழாய் கழுவுற தண்ணி காயவே இல்ல. யார் கழுவுனது?”

எனக்கு உள்ளுக்குள் பாயசம். வெளியே ஓடினேன். “மாட்னியா? சரியா காயவைக்காம அனுப்பிக்கினு கீறியே!”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “மெதுவா பேசுங்க அண்ணி. அது சனிக்கெழம நீங்க கழுவி வச்சது. நீங்க ஒதறிட்டு அப்படியே அனுப்புவீங்க. நான் உள்ள இருக்கசொல்ல, கவுத்து வச்சி நல்லா காயவச்சிதான் சாருக்குக் குடுப்பேன்.”

“இத்தினி நாளாவா?”

“ஆங்.”

அதற்குள் சார் கதவருகே வந்துவிட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். “நான்தான் சார் கழுவுனேன். இனிமே பாத்துக்கிறேன்.”

என் வயிறு அப்படியே பற்றிக்கொண்டது. ஏசியும் நாற்காலியும் போதாதென்று நல்ல பெயரையும் இவளே கொண்டுபோவதா? வீட்டில் தன் அண்ணனிடம் சொன்னால், அவர் இவளைத் தெய்வம் என்பார்.

“பொய் சார்! நான் கழுவுனது. என் குழாய், என் ஈரம். இவளுக்கு அதுல பங்கே கெடையாது!”

சார் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “அப்போ நீங்க மொதல்ல காயவைக்கக் கத்துக்கிங்கம்மா. அதுவரைக்கும் அவங்களே உள்ள இருக்கட்டும்.”

தொட்டிக்குத் திரும்பினேன். ஜன்னல் வெயில் மொட்டை மண்டையில் சுரீரென்று இறங்கியது. நாற்காலியிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள்.

“அண்ணி, முந்தானைய தலையில போட்டுக்குங்க, சுடும்.”

நல்ல யோசனைதான். அவள் சொல்லிவிட்டாளே, எப்படிப் போடுவது? சாயங்காலம் வரை அப்படியே வெயிலில் நின்று, குழாய்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தேன்.